பேட்டிக்காக மாத்திரையை நிறுத்தாதீர்கள்

52 வயதுத் தாய் ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை எடுத்துவிட்டுச் சுருக்கித் தருகிறேன். அவருடைய மகனுக்கு இப்போது 24 வயது. படிக்கும் காலத்தில் ஹெராயின் பழகி, ஊசி வரை போயிருக்கிறார். மூன்று ஆண்டுகளுக்கு முன் நண்பர் ஒருவரின் அறையில் போலீஸ் சோதனை நடந்தபோது அங்கிருந்த ஐந்து பேரில் அவரும் ஒருவர். அவரிடம் எதுவும் கைப்பற்றப்படவில்லை. விசாரித்துவிட்டு மறுநாள் அனுப்பிவிட்டார்கள். வழக்கிலும் பெயர் சேரவில்லை. ஆனால் அதற்குள் ஒரு செய்தித் தளம் ஐந்து பேரின் பெயரையும் படத்தையும் ‘சிக்கியது போதைக் கும்பல்’ என்று வெளியிட்டுவிட்டது. விடுவிக்கப்பட்டது எங்கும் செய்தியாகவில்லை. இன்றும் மகனின் பெயரை இணையத்தில் தேடினால் முதலில் வந்து நிற்பது அந்தப் படம்தான்.

மகன் 14 மாதங்களாகச் சிகிச்சையில் இருக்கிறார். தினமும் நாக்கின் அடியில் வைத்துக் கரைக்கும் பூப்ரனார்ஃபின் மாத்திரை எடுக்கிறார், வேலைக்குப் போகிறார். இந்த நேரத்தில் ஒரு தொலைக்காட்சி நிருபர், ‘போதையை வென்ற இளைஞர்’ என்று ஒரு நிகழ்ச்சிக்காக அவரைப் பேட்டி எடுக்க விரும்புகிறார். மூன்று வாரம் கழித்துப் படப்பிடிப்பு. “இப்போது எந்த மருந்தும் எடுப்பதில்லை, அப்படித்தானே?” என்று நிருபர் தொலைபேசியில் கேட்டிருக்கிறார். தாய்க்கு இந்தப் பேட்டியில் பெரிய நம்பிக்கை. பழைய செய்தியின் அவமானத்தை இது துடைத்துவிடும் என்று நினைக்கிறார். கணவருக்குத் துளியும் விருப்பமில்லை. “அந்தப் படத்தைப் போட்டதே சரிதான், நாலு பேர் பார்த்துப் பயப்படட்டும்” என்பது அவர் கட்சி. மகனோ, “அவங்க எழுதினது பொய்யாம்மா? நான் அப்படித்தானே இருந்தேன்” என்று சொல்லிவிட்டு அறைக்குள் போய்விடுகிறார். பழைய செய்தியை நீக்க முடியுமா, பேட்டி கொடுக்கலாமா, கணவர் சொல்வதில் நியாயம் உண்டா என்று மூன்று கேள்விகள். கடைசியில், “இந்த மாத்திரை ஒரு போதைக்குப் பதில் இன்னொரு போதை என்று ஒரு கட்டுரையில் படித்தேன். படப்பிடிப்புக்கு முன் நிறுத்திவிட்டால், முழுவதுமாக மீண்டுவிட்டேன் என்று அவன் உண்மையாகவே சொல்லலாம் அல்லவா?” என்று ஒரு வரி.

அம்மா, அந்தக் கடைசி வரியிலிருந்து ஆரம்பிக்கிறேன். மற்ற மூன்றையும் ஆற அமர யோசிக்கலாம். இதை இன்றைக்கே முடிவு செய்ய வேண்டும்.

மாத்திரையை நிறுத்தக் கூடாது

ஹெராயின் பழகிய உடல் நாளாக ஆக அதிக அளவைத் தாங்கக் கற்றுக்கொள்கிறது. அதை விட்டுச் சில வாரம் ஆனாலே அந்தத் தாங்குதிறன் வேகமாக இறங்கிவிடும். பூப்ரனார்ஃபினையும் நிறுத்தினால் உடலில் அந்தப் பாதுகாப்பு எதுவும் மிச்சமிருக்காது. அந்த நிலையில் ஒரே ஒரு நாள் மனம் தடுமாறி, முன்பு வழக்கமாக எடுத்த அளவையே எடுத்தாலும் மூச்சு நின்றுபோகலாம். சிகிச்சையை விட்ட முதல் நான்கு வாரங்கள்தான் மிகவும் ஆபத்தானவை. பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல் 2017-இல் பல ஆய்வுகளைத் தொகுத்து வெளியிட்ட கணக்கு இது: பூப்ரனார்ஃபின் எடுத்துக்கொண்டிருந்தவர்களில் ஆண்டுக்கு ஆயிரத்துக்குச் சுமார் 4 பேர் இறந்தார்கள். சிகிச்சையை விட்டிருந்த காலத்தில் அது 9-ஐத் தாண்டியது. இதே சிகிச்சைக்குக் கொடுக்கும் இன்னொரு மருந்தான மெத்தடோனில் வித்தியாசம் இன்னும் அதிகம், சிகிச்சையில் 11, வெளியே 36. மூன்று வாரம் கழித்து நடக்கும் ஒரு படப்பிடிப்புக்காக எடுக்கக்கூடிய ஆபத்து இல்லை இது.

‘ஒரு போதைக்குப் பதில் இன்னொரு போதை’ என்பது செய்திகளில் அடிக்கடி வருகிற வாசகம்தான். கேட்க நியாயமாகவும் இருக்கும். ஆனால் நடப்பது வேறு. இந்த மருந்து மூளையில் ஹெராயின் போய் உட்காரும் அதே இடத்தில் உட்கார்ந்து, நீண்ட நேரம் விடாமல் பிடித்துக்கொள்கிறது. அந்த இடத்தை அரைகுறையாகத்தான் தூண்டும். ஓர் அளவுக்கு மேல் எவ்வளவு கொடுத்தாலும் அதன் விளைவு ஏறாது. சீராக எடுப்பவருக்குக் கிறக்கம் வருவதில்லை, ஏக்கமும் நடுக்கமும் அடங்குகின்றன. உடல் அதற்குப் பழகிவிடுகிறது என்பது உண்மை, திடீரென்று நிறுத்தினால் உடல்வலி, வயிற்றுப்போக்கு, தூக்கமின்மை எல்லாம் வரும். ஆனால் போதைச் சார்பு நோய் என்று நாங்கள் சொல்வது வேறு. பொருளைத் தேடுவதிலேயே நாள் முழுவதும் போய், வேலையும் உறவும் சிதைந்து, கெடுதல் தெரிந்தும் விட முடியாமல் இருக்கும் நிலை அது. உங்கள் மகன் காலையில் மாத்திரை போட்டுக்கொண்டு வேலைக்குப் போகிறார். உலக சுகாதார நிறுவனம் பூப்ரனார்ஃபினையும் மெத்தடோனையும் 2005-இலேயே தன் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்துவிட்டது. 

ஒருவேளை மகன் ஏற்கெனவே மாத்திரையை விட ஆரம்பித்திருந்தால் திட்டாதீர்கள். சிகிச்சை அளிக்கும் மருத்துவரிடம் இன்றே பேசச் சொல்லுங்கள். இடையில் ஹெராயின் எடுத்திருந்தால் அதை மறைக்காமல் சொல்ல வேண்டும். அது தெரியாமல் பூப்ரனார்ஃபினை மறுபடி ஆரம்பித்தால் உடல்வலி, வயிற்றுப்போக்கு போன்ற விலகல் துன்பம் கடுமையாக வரலாம். உங்கள் நாட்டில் நலாக்ஸோன் கிடைத்தால், மூக்கில் அடிக்கும் வகையோ ஊசி வகையோ, வீட்டில் ஒன்று வைத்திருங்கள். மிகையளவால் மூச்சடங்குபவரை மீட்கும் மருந்து அது. ஓபியாய்டு, அதாவது ஹெராயின், மார்ஃபின் வகைப் பொருள், எடுப்பவரின் குடும்பத்தார் கையிலும் அது இருக்க வேண்டும், பயன்படுத்தவும் அவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2014-இல் வழிகாட்டுதல் வெளியிட்டது. மாத்திரையை என்றைக்குக் குறைப்பது, குறைக்கவே வேண்டுமா என்பதெல்லாம் மகனும் மருத்துவரும் நிதானமாகப் பேசி முடிவு செய்ய வேண்டியவை. சிலர் பல ஆண்டுகள் எடுக்கிறார்கள். அதில் குறை ஒன்றும் இல்லை.

அப்புறம் அந்த நிருபரின் கேள்வி. அதற்குப் பதில் சொல்லும் கடமை உங்கள் மகனுக்குக் கிடையாது. ஒருவர் என்ன மருந்து எடுக்கிறார் என்பது அவருக்கும் அவர் மருத்துவருக்கும் இடையிலான விஷயம்.

கணவர் சொல்வது பற்றி

உங்கள் கணவர் கோபத்தில் பேசுகிறார் என்று ஒதுக்கிவிட மாட்டேன். பயம் காட்டினால் பிள்ளைகள் தப்பிப்பார்கள் என்பது உலகம் முழுக்க உள்ள நம்பிக்கை. அரசாங்கங்களே நம்பிப் பணத்தைக் கொட்டியிருக்கின்றன. அமெரிக்க அரசு 1998-லிருந்து 2004 வரை ஏறத்தாழ 100 கோடி டாலர் செலவில் இளைஞர்களுக்கான போதை எதிர்ப்பு விளம்பர இயக்கம் ஒன்றை நடத்தியது. அதை மதிப்பிட்ட ஆய்வு 2008-இல் வெளிவந்தது. விளம்பரங்களை அதிகம் பார்த்ததால் பிள்ளைகள் கஞ்சாவிலிருந்து விலகினார்கள் என்பதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை. சில அளவுகோல்களில் எதிர்த்திசை விளைவுக்கான அறிகுறிகளே தெரிந்தன. எல்லாரும் இதைத்தான் செய்கிறார்கள் போலிருக்கிறது என்ற எண்ணம் பிள்ளைகளிடம் வந்திருக்கலாம் என்பது ஆய்வாளர்கள் சொன்ன விளக்கங்களில் ஒன்று. அவை விளம்பரங்கள், செய்திகள் இல்லை என்பது சரிதான். ஆனால் கோடிக்கணக்கில் செலவிட்டு, யோசித்துத் தயாரித்த எச்சரிக்கையே பலிக்காதபோது, ஐந்து பையன்களின் படத்தைப் போட்ட ஒரு செய்தி யாரைக் காப்பாற்றியிருக்கும் என்று அவரிடம் கேட்டுப் பாருங்கள்.

அந்தப் படத்துக்கு ஒரு விளைவு நிச்சயம் உண்டு. ஏற்கெனவே பழக்கத்தில் இருப்பவர் அதைப் பார்த்து ஒளிந்துகொள்கிறார். 2024-இன் உலகப் போதைப்பொருள் அறிக்கையில் ஐ.நா. சொல்கிற கணக்கு: 2022-இல் ஏதாவது ஒரு போதைப்பொருளைப் பயன்படுத்தியவர்கள் 29.2 கோடி. அவர்களில் நோய் என்று சொல்லும் அளவுக்குப் பாதிக்கப்பட்டவர்கள் சுமார் 6.4 கோடி. அந்த 6.4 கோடியில் சிகிச்சையில் இருப்பவர் 11 பேருக்கு ஒருவர்தான். பெண்களில் 18 பேருக்கு ஒருவர். சிகிச்சை மையம் இல்லை, பணம் இல்லை, சட்டத்துக்குப் பயம் என்று இதற்குப் பல காரணங்கள் உண்டு. ஆனால் என் அறைக்குள் தாமதமாக வந்து சேர்பவர்கள் திரும்பத் திரும்பச் சொல்வது, “யாராவது பார்த்துடுவாங்கன்னுதான் சார் வரல” என்பதைத்தான்.

மருத்துவர்களும் இதற்கு விதிவிலக்கு இல்லை, இதை எங்கள் தொழிலின் மீது வைத்தே சொல்கிறேன். 2010-இல் வெளியான ஓர் ஆய்வில், மனநலத் துறையைச் சேர்ந்த ஐந்நூற்றுக்கும் மேற்பட்ட வல்லுநர்களிடம் ஒரே நபரின் கதையைக் கொடுத்தார்கள். பாதிப் பேருக்குக் கிடைத்த தாளில் அவர் ‘போதைப்பொருளைத் தவறாகப் பயன்படுத்துகிறவர்’, மீதிப் பேரின் தாளில் ‘போதைப்பொருள் பயன்பாட்டுக் கோளாறு உள்ளவர்’. மற்றதெல்லாம் எழுத்துக்கு எழுத்து ஒன்று. முதல் தாளைப் படித்தவர்கள், இது அவருடைய சொந்தக் குற்றம், தண்டனை கொடுக்கலாம் என்ற பக்கம் கூடுதலாகச் சாய்ந்தார்கள். படித்துப் பட்டம் வாங்கி, இந்த நோயாளிகளையே தினமும் பார்ப்பவர்களிடமே இப்படி என்றால், செய்தியை ஓடுகிற வண்டியில் கைபேசியில் மேய்கிறவர் எப்படிச் சாய்வார் என்று சொல்ல வேண்டியதில்லை. 2017-இல் அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனம் தன் மொழிநடைக் கையேட்டை மாற்றி, மனிதரை அவருடைய நோயின் பெயரால் அழைப்பதைத் தவிர்க்கும்படி நிருபர்களுக்குச் சொன்னது. எல்லாச் செய்தி அறைகளுக்கும் அது இன்னும் போய்ச் சேரவில்லை.

செய்தி ஏன் அப்படி வருகிறது

பழைய செய்தியை எழுதிய நிருபருக்கு உங்கள் மகன் மேல் தனிப்பட்ட வன்மம் இருந்திருக்கும் என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. போதை பற்றிய செய்திகளில் பெரும்பகுதி காவல்துறையின் குறிப்பிலிருந்து வருகிறது. கைது அன்றைக்குக் குறிப்பு வரும், மேசையில் அடுக்கிய பொட்டலங்களின் படமும் வரும். விடுவித்த அன்றைக்கு யாரும் குறிப்பு அனுப்புவதில்லை. சிகிச்சைக்குப் போய், வேலையில் சேர்ந்து, சாதாரணமாக வாழ்கிறவர் செய்தியாக மாட்டார். ஆக, செய்தியை மட்டும் பார்த்து உலகத்தைத் தெரிந்துகொள்கிறவருக்கு, போதைப்பொருள் பயன்படுத்துபவர் என்றால் கைதானவர் அல்லது செத்துப்போனவர், வேறு வகையே இல்லை. நடுவில் உள்ள பெருங்கூட்டம் கண்ணிலேயே படாது.

அப்படி ஓர் உருவம் வாசகர் மனதில் தயாராக இருப்பதால்தான் பொய்யும் சுலபமாக உள்ளே நுழைகிறது. 1980-இல் வாஷிங்டன் போஸ்ட் நாளிதழில் எட்டு வயதுச் சிறுவன் ஒருவன் ஹெராயினுக்கு அடிமையாக இருப்பதாக ஒரு கட்டுரை வந்தது. நகரமே கொதித்தது, போலீஸ் அந்தச் சிறுவனைத் தேடியது. அடுத்த ஆண்டு கட்டுரைக்கு, அமெரிக்கப் பத்திரிகை உலகின் உயரிய விருதான புலிட்சர் பரிசும் கிடைத்தது. இரண்டே நாளில், அப்படி ஒரு சிறுவனே கிடையாது, எல்லாம் கற்பனை என்று தெரியவந்து பரிசைத் திருப்பிக் கொடுத்தார்கள்.

அது மோசடி. மோசடியே இல்லாமலும் இது நடக்கும், அதுதான் எனக்கு இன்னும் கவலை. 1985-இல், கொக்கெய்ன் பயன்படுத்திய தாய்மார்களைப் பற்றி ஒரு மருத்துவ இதழில் சின்ன ஆய்வு ஒன்று வந்தது. பார்த்தது 23 பேரை மட்டும். அதை வைத்துக்கொண்டு, கிராக் என்ற புகைக்கும் வகைக் கொக்கெய்ன் எடுத்த தாய்மார்களின் குழந்தைகள் ஒரு தலைமுறையே மூளை கெட்டு, சமூகத்துக்குப் பாரமாக வளரப்போகிறது என்று அமெரிக்கப் பத்திரிகைகளும் தொலைக்காட்சிகளும் ஆண்டுக்கணக்கில் அலறின. தாய்மார்கள் மீது வழக்குகள் போடப்பட்டன, குழந்தைகள் பிரிக்கப்பட்டார்கள். பிலடெல்ஃபியாவில் ஹாலம் ஹர்ட் என்ற குழந்தை மருத்துவர் 224 குழந்தைகளை, கொக்கெய்னுக்கு ஆட்பட்டவர்கள் பாதி, ஆட்படாதவர்கள் பாதி என்று எடுத்து, அவர்கள் பெரியவர்களாகும்வரை தொடர்ந்து கவனித்தார். இரு குழுக்களுக்கும் இடையே குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. இரண்டு குழுவையும் பின்னுக்கு இழுத்தது வறுமை. அன்றைய அலறலில் தங்களுக்கும் பங்கு உண்டு என்று நியூயார்க் டைம்ஸ் தலையங்கம் எழுதி ஒப்புக்கொண்டது 2018 டிசம்பரில். அந்தக் குழந்தைகளுக்கு அப்போது ஏறத்தாழ முப்பது வயது ஆகியிருந்தது.

2012-இல் ஃப்ளோரிடாவில் ஒருவர் இன்னொருவரைக் கொடூரமாகத் தாக்கியபோது, ‘பாத் சால்ட்ஸ்’ என்ற புதுப் போதைதான் காரணம் என்று உலகம் முழுக்கச் செய்தி ஓடியது. பரிசோதனையில் அவர் உடலில் அது இல்லை, கஞ்சாவின் தடயம் மட்டும் இருந்தது. ஹெராயினைவிடப் பல மடங்கு வீரியமான ஃபெண்டனில் என்ற ஓபியாய்டின் பொடி கையில் பட்டாலே மயங்கி விழுவார்கள் என்ற காணொளிகளும் இப்படித்தான். தோலில் தற்செயலாகப் படுவதால் அப்படி நடப்பதற்கு வாய்ப்பு மிகக் குறைவு என்று அமெரிக்க மருத்துவ நச்சியல் அமைப்புகள் 2017-இலேயே சொல்லிவிட்டன. ஆனாலும் மயங்கி விழுந்தவர் பக்கத்தில் போகவே ஆட்கள் பயப்படுகிறார்கள்.

ஊடகம் முழுவதும் இப்படித்தான் என்று நான் சொல்லவில்லை. மேற்கு வர்ஜீனியாவில் ஒரு சிறு நாளிதழின் நிருபர், மாத்திரை விநியோகக் கணக்குகளை வழக்குப் போட்டுப் பெற்று, ஆறு ஆண்டுகளில் அந்தச் சிறிய மாநிலத்துக்குள் 78 கோடி வலிநிவாரண ஓபியாய்டு மாத்திரைகள் கொட்டப்பட்டதை எழுதினார். 2017-இல் புலிட்சர் பரிசு பெற்ற வேலை அது. யார் விழுந்தார்கள் என்று படம் எடுக்காமல், யார் தள்ளினார்கள் என்று கணக்கைத் தேடிப் போனார். போதைச் செய்தியை எப்படி எழுதலாம் என்று யாராவது கேட்டால் நான் இதைத்தான் காட்டுவேன்.

பழைய செய்தியை என்ன செய்யலாம்

நீங்கள் எந்த நாட்டிலிருந்து எழுதுகிறீர்கள் என்று சொல்லவில்லை. சட்டம் நாட்டுக்கு நாடு மாறும். நான் வழக்கறிஞரும் இல்லை. எங்கும் பொருந்துகிற அளவுக்குச் சொல்கிறேன்.

முதல் படி, செய்தி ஆசிரியருக்கு ஒரு கடிதம். கோபமோ கெஞ்சலோ வேண்டாம். செய்தி வெளியான தேதி, இணைப்பு, மகன் மீது வழக்கு இல்லை என்பதைக் காட்டும் ஆவணம் ஆகிய மூன்றையும் வைத்து எழுதுங்கள். கேட்பதைப் படிப்படியாகக் கேளுங்கள்: செய்தியையே நீக்க முடியுமா, முடியாவிட்டால் அவர் பெயரையும் படத்தையும் எடுக்க முடியுமா, அதுவும் முடியாவிட்டால் அவர் மீது குற்றம் சாட்டப்படவில்லை என்று செய்தியின் மேலேயே ஒரு வரி சேர்க்க முடியுமா. மூன்றாவதை மறுப்பது அவர்களுக்கே கஷ்டம். பதில் வராவிட்டால், உங்கள் நாட்டில் பத்திரிகை ஒழுங்கு மன்றம் இருந்தால் அங்கே புகார் செய்யலாம். அங்கெல்லாம் கால வரம்பு உண்டு, முதலில் அதை விசாரியுங்கள்.

ஐரோப்பிய ஒன்றியத்தில் இருந்தால் இன்னொரு வழி இருக்கிறது. ஐரோப்பிய நீதிமன்றம் 2014-இல் கொடுத்த தீர்ப்பின்படி, பொருத்தம் இழந்துபோன பழைய தகவல் தன் பெயரைத் தேடும்போது வரக் கூடாது என்று தேடுபொறியிடமே கேட்கலாம். செய்தி அந்தத் தளத்தில் இருக்கும், பெயரைத் தேடுபவருக்கு மட்டும் வராது. வேலைக்கு எடுப்பவர் பெயரைத்தானே தேடப்போகிறார், ஆகவே அதுவே பெரிய நிம்மதி.

மானநஷ்ட வழக்கு பற்றிக் கேட்டிருந்தீர்கள். நான் அவசரப்பட மாட்டேன். பல நாடுகளில் செய்தி வெளியான ஓராண்டுக்குள் போட வேண்டும், உங்களுக்கு மூன்று ஆண்டு ஆகிவிட்டது. மகன் அந்த அறையில் இருந்தார் என்பது உண்மை. ‘கும்பல்’ என்றதை மட்டும் எதிர்த்து வாதாட வேண்டியிருக்கும். வழக்கே ஒரு புதுச் செய்தியாகும் ஆபத்தும் உண்டு. எதற்கும் ஒரு வழக்கறிஞரிடம் ஒருமுறை பேசுங்கள். பணம் கொடுத்தால் இணையத்திலிருந்து அழித்துத் தருகிறோம் என்று வருகிறவர்களிடம் மட்டும் போகாதீர்கள்.

பேட்டி

இங்கே நீங்கள் நினைப்பதற்கு நேர்மாறாக ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது. பேட்டி பழைய செய்தியை அழிக்காது. மகன் சொந்தப் பெயரோடும் முகத்தோடும் தோன்றினால் பெயரைத் தேடுபவருக்கு இனி இரண்டும் சேர்ந்தே வரும். பழைய படத்தை எடுக்கச் சொல்லி நீங்கள் எழுதும் கடிதமும் வலுவிழக்கும், நீங்களே எல்லாவற்றையும் ஊரறியச் சொல்லிவிட்டீர்களே என்பார்கள். முன்பு பயன்படுத்தினேன் என்று கேமரா முன் சொல்வது சில நாடுகளில் வேலைக்கும் விசாவுக்கும், ஏன் வழக்குக்கும்கூட இழுத்துச் செல்லும். அந்தச் சோதனை தொடர்பான வழக்கு இன்னும் நடக்கிறதா என்று பாருங்கள். நடந்தால் வழக்கறிஞர் சொல்லும்வரை வாயே திறக்க வேண்டாம்.

‘போதையை வென்ற இளைஞர்’ என்ற தலைப்பும் எனக்கு உறுத்துகிறது. பாராட்டுதானே என்று தோன்றும். ஆனால் கும்பல் என்று போட்டவர்களுக்கும் வெற்றி வீரர் என்று போடுபவர்களுக்கும் ஒரே மாதிரியான கதைதான் தேவைப்படுகிறது: அதலபாதாளத்தில் கிடந்தான், ஒரு நாள் எழுந்தான், இனி விழ மாட்டான். இந்த நோயில் மறுபடி வழுக்குவது சாதாரணம். சிகிச்சைக்குப் பின் 40 முதல் 60 சதவீதம் பேருக்கு அப்படி நேர்கிறது என்று அமெரிக்க தேசியப் போதைப்பொருள் ஆய்வு நிறுவனம் சொல்கிறது. உயர் ரத்த அழுத்தத்திலும் ஆஸ்துமாவிலும் சிகிச்சை பிசகுவதும் ஏறத்தாழ இதே அளவுதான். தனியாக வழுக்கினால் மறுநாள் மருத்துவரிடம் வந்துவிடலாம். ஊரறிந்த வெற்றி வீரராக வழுக்குபவர் யாரிடமும் சொல்ல மாட்டார். இந்தப் பேட்டியில் நான் மிகவும் அஞ்சுவது இதைத்தான்.

அதற்காகக் கொடுக்கவே கூடாது என்று சொல்ல மாட்டேன். மீண்டு வாழ்கிற ஒருவரை நேரில் பார்ப்பதும் அவர் பேசிக் கேட்பதும் மற்றவர்களின் வெறுப்பைக் குறைக்கும் என்பது எங்கள் அனுபவம். ஆனால் அது அவர் முடிவாக இருக்க வேண்டும். உங்கள் கடிதத்தில் பேட்டி பற்றி உங்கள் ஆசை இருக்கிறது, கணவரின் மறுப்பு இருக்கிறது. மகனுக்கு என்ன விருப்பம் என்று ஒரு வரிகூட இல்லை. அவர் சொன்னது “அவங்க எழுதினது பொய்யாம்மா” என்பது மட்டும். செய்தியில் வந்த உருவத்தை அவரே தன் உருவமாக எடுத்துக்கொண்டுவிட்டார் என்பதாகத்தான் நான் அதைப் படிக்கிறேன். இந்த மனநிலையில் இருப்பவர் கேமரா முன் உட்கார்ந்தால், கேட்காத பழியையும் தானே ஏற்றுக்கொள்வார். முதலில் இதை அவருடைய ஆலோசகரிடம் பேசட்டும். கும்பல் என்று எழுதியது பொய்தான் என்பதையும் நீங்கள் வாய்விட்டு அவரிடம் சொல்லுங்கள். அவர் ஹெராயின் எடுத்தார், அது உண்மை. அவர் விற்றதில்லை, யாரையும் பழக்கியதில்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.

பிறகும் அவருக்கு விருப்பம் இருந்தால், பெயர் மாற்றி, முகம் காட்டாமல் கொடுப்பதே என் பரிந்துரை. முகத்தை மட்டும் மங்கலாக்கினால் போதாது. குரல், பச்சை குத்தியது, வீட்டின் உட்புறம், பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் நீங்கள் என்று எதை வைத்தும் தெரிந்தவர்கள் கண்டுபிடித்துவிடுவார்கள். தலைப்பை வைப்பது பெரும்பாலும் நிருபர் இல்லை, செய்தி அறையில் இருக்கும் வேறு ஒருவர். எனவே நிருபர் நல்லவராக இருப்பது மட்டும் போதாது. ஒளிபரப்புக்கு முன் முழுவதையும் போட்டுக் காட்டுவார்கள் என்று எதிர்பார்த்திருக்கிறீர்கள். பெரும்பாலான நிறுவனங்கள் அதைச் செய்வதில்லை. மகன் சொன்ன பகுதிகளை மட்டும் சரிபார்க்கச் சில நிருபர்கள் ஒத்துக்கொள்வார்கள். ஊசி, கரண்டி, பொடி போன்ற காட்சிகளை இடையில் போட வேண்டாம் என்பதையும் நிபந்தனையாக வையுங்கள். அவற்றைப் பார்ப்பது மீண்டு வருபவருக்கு ஏக்கத்தைக் கிளப்பும். நிகழ்ச்சியைப் பார்க்கப் போகிறவர்களில் அப்படி எத்தனை பேர் இருப்பார்களோ, உங்கள் மகனும் பார்ப்பார்தானே. ஒளிபரப்பாகும் அன்று அவர் தனியாக இருக்க வேண்டாம், கீழே வரும் கருத்துகளை அவர் படிக்கவே வேண்டாம்.

நிருபருக்கு மகன் அனுப்ப, தேவைப்பட்டால், இப்படி ஒரு செய்தி எழுதிவைத்திருக்கிறேன். மாற்றிக்கொள்ளலாம். தொலைபேசியில் பேசாமல் எழுத்தில் அனுப்புங்கள், பதிலையும் எழுத்தில் கேளுங்கள்:

“வணக்கம். பேட்டி பற்றி இன்னும் முடிவு செய்யவில்லை. முடிவு செய்யும் முன் சில விஷயங்கள் தெரிய வேண்டும். என் பெயர், முகம், குரல், வீடு எதுவும் தெரியாமல் எடுக்க முடியுமா? தலைப்பு என்னவாக இருக்கும், அதை யார் முடிவு செய்வார்கள்? நான் பேசும் பகுதியை ஒளிபரப்புக்கு முன் நான் சரிபார்க்கலாமா? போதைப்பொருள், ஊசி ஆகியவற்றின் காட்சிகளைச் சேர்க்காமல் இருக்க முடியுமா? ஒளிபரப்புக்கு முன் நான் விலகிக்கொள்ள விரும்பினால் ஒப்புக்கொள்வீர்களா? என் சிகிச்சை, மருந்து பற்றிய கேள்விகளுக்கு நான் பதில் சொல்ல மாட்டேன். உங்கள் பதிலைப் பார்த்துவிட்டு என் மருத்துவரிடமும் கலந்து பேசி, வேண்டுமா வேண்டாமா என்று சொல்கிறேன். படப்பிடிப்புத் தேதி அதற்கு ஏற்றபடி தள்ளிப்போனால் எனக்குச் சம்மதம்.”